ஹோம்ப்ரூவை எங்கே நிறுவுவது?

அன்று திங்கட்கிழமை. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் தன் மடிக்கணினியைத் திறந்தபடியே என் மேசைக்கு எடுத்து வந்தார். “அக்கா, கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் இயக்கினால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொல்கிறது” என்றார். திரையைப் பார்த்தேன். கோப்புறையில் இருப்பவற்றைப் பட்டியலிட்டால் அந்தக் கருவியின் பெயர் பச்சை நிறத்தில் தெரிந்தது. அளவு சரியாக இருந்தது. இயக்குவதற்கான அனுமதியும் இருந்தது. அதே பெயரைத் தட்டி என்டர் விசையை அழுத்தினால் ‘அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை’ என்ற பொருளில் ஒற்றை வரி வந்து நின்றது.

அந்தக் கருவியை நிறுவியிருந்தது நான். குழுவில் நாங்கள் நான்கு பேரும் பயன்படுத்திய ஒரு பொது லினக்ஸ் சர்வரில் எங்கள் எவருக்கும் ரூட் அனுமதி, அதாவது நிர்வாகிக்குரிய முழு அனுமதி, கிடையாது. ஆகவே மென்பொருள்களை இறக்கி நிறுவித்தரும் ஹோம்ப்ரூ என்னும் பேக்கேஜ் மேனேஜரை, என் கணக்குக்கென இருக்கும் ஹோம் கோப்புறைக்குள்ளேயே ஒரு மூலையில் நிறுவி, மற்ற மூவரும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தேன். ஓராண்டுக்கும் மேலாக அது தொல்லையின்றி ஓடியது. அந்த வார இறுதியில் சர்வரின் நிர்வாகி எல்லோருடைய ஹோம் கோப்புறைகளையும் பழைய வட்டிலிருந்து புதிய வட்டுக்கு மாற்றியிருந்தார். முன்னறிவிப்பு கொடுத்துத்தான் மாற்றினார். கோப்பு ஒன்றுகூடத் தொலையவில்லை. ஹோம் கோப்புறைக்குச் செல்லும் பாதையின் முன்பகுதியில் ஒரு சொல் கூடியிருந்தது, அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லால் நான் நிறுவியிருந்த அத்தனை கருவிகளும் படுத்துவிட்டன.

ரீட்எல்ஃப் என்ற கருவியைக் கொண்டு அந்தப் பைனரியின், அதாவது இயங்கும் வடிவில் உள்ள நிரல் கோப்பின், உள்ளே பார்த்தபோது காரணம் தெரிந்தது. லினக்ஸில் ஒரு நிரலை இயக்கச் சொன்னால், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் முதலில் அந்தக் கோப்பின் தலைப்பகுதியைப் படித்து, இதை நினைவகத்தில் ஏற்றிவைக்கும் லோடர் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறது. அந்த லோடரின் முழுப் பாதையும் பைனரிக்குள்ளேயே எழுத்தாகப் பதிந்து கிடக்கும். ஹோம்ப்ரூ தான் நிறுவும் பைனரிகளில் தன் சொந்தக் கோப்புறைக்குள் இருக்கும் லோடரின் பாதையைப் பதிக்கிறது. எங்கள் கருவிக்குள் என் பழைய ஹோம் கோப்புறையின் பாதை இருந்தது. அந்த இடத்தில் இப்போது எதுவும் இல்லை. ‘இல்லை’ என்று கர்னல் சொன்னது லோடரைப் பற்றி. நாங்கள் அதைக் கருவியைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டோம். வீடு மாறிய பிறகும் ரேஷன் கார்டு, சமையல் எரிவாயு இணைப்பு, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பழைய முகவரியே இருந்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகியிருந்தது.

அதுவரை, நிறுவும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது அவரவர் வசதியையும் அழகுணர்வையும் பொறுத்தது என்றே நினைத்திருந்தேன். நிறுவப்படும் ஒவ்வொரு பேக்கேஜின் உள்ளேயும் அந்த இடத்தின் பெயர் சென்று பதிகிறது என்பதால், அது ஏறக்குறைய ஒரே ஒரு முறை எடுக்கக்கூடிய முடிவு என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். அந்த முடிவை எடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூலநிரலிலிருந்து ஒரு மென்பொருளைக் கட்டியவர்களுக்கு ப்ரிஃபிக்ஸ் என்ற சொல் பழக்கமானது. இந்த மென்பொருள் எந்தக் கோப்புறையின் கீழ் வாழப்போகிறது என்பதற்கான விடை அது. மூலநிரலைக் கட்டுவதற்குத் தயார்செய்யும் குனூ ஆட்டோகான்ஃப் முறையில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது /யூஎஸ்ஆர்/லோக்கல் என்று எடுத்துக்கொள்ளும். மூலநிரல் பைனரியாக மாறும்போதே, அதாவது கம்பைல் ஆகும்போதே, இந்தப் பாதை பல இடங்களுக்குப் போய்ச் சேர்கிறது. மேலே சொன்ன லோடரின் பாதை ஒன்று. நிரலுக்குத் தேவையான லைப்ரரிகளை, அதாவது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்புகளை, எங்கே தேடுவது என்ற குறிப்பு மற்றொன்று. அமைப்புக் கோப்பை எந்த இடத்தில் படிக்க வேண்டும், மொழிபெயர்ப்புக் கோப்புகள் எங்கே, சான்றிதழ்கள் எங்கே என்று நிரலின் உள்ளே சரங்களாகவே (எழுத்துத் தொடர்களாகவே) பல பாதைகள் இருக்கும். பைத்தான், பெர்ல் போன்ற மொழிகளில் எழுதப்பட்ட கருவிகள் வெறும் உரைக் கோப்புகளாக இருந்தாலும், எந்தப் பைத்தானைக் கொண்டு இதை இயக்க வேண்டும் என்ற முழுப் பாதை அவற்றின் முதல் வரியில் நிற்கும். அந்த முதல் வரிக்கும் ஒரு நீள வரம்பு உண்டு. லினக்ஸ் கர்னல் 5.1 வரும் வரை அந்த வரிக்கு 128 பைட்டுகளே இடம். பிறகுதான் அது 256 ஆனது. ஆழமான கோப்புறைகளுக்குள் நிறுவி, காரணம் தெரியாமல் தவித்தவர்கள் பலரை இந்த வரம்பு பதம் பார்த்திருக்கிறது.

நிறுவிய பிறகு இந்தப் பாதைகளை மாற்ற முடியாதா என்று கேட்கலாம். உரைக் கோப்புகளில் மாற்றுவது எளிது. லோடர், லைப்ரரி ஆகியவற்றின் பாதைகளை மாற்றுவதற்கு லினக்ஸில் பேட்ச்எல்ஃப் போன்ற கருவிகள் இருக்கின்றன. மேக்கிலும் அதற்கென ஒரு கருவி இருக்கிறது. சிக்கல் நிரலின் நடுவே சரமாகப் பதிந்துவிட்ட பாதைகளில்தான். அங்கே பழைய பாதை எத்தனை எழுத்து இடத்தைப் பிடித்திருக்கிறதோ அவ்வளவுதான் இடம். புதிய பாதை குறுகியதாக இருந்தால் எழுதிவிட்டு மீதி இடத்தை வெற்றாக விடலாம். நீளமாக இருந்தால் அடுத்திருக்கும் தரவின் மேல் ஏறிவிடும். கோண்டா என்ற பேக்கேஜ் மேனேஜரை உருவாக்கியவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். தங்கள் பேக்கேஜ்களைக் கட்டும்போதே ப்ரிஃபிக்ஸுக்குப் பதிலாக 255 எழுத்து நீளமுள்ள ஒரு போலிப் பாதையை வைத்துக் கட்டிவிடுகிறார்கள். பயனர் தன் கணினியில் நிறுவும்போது அந்த நீண்ட இடத்துக்குள் அவருடைய உண்மையான பாதை எழுதப்படுகிறது. கோண்டாவை எந்தக் கோப்புறையில் வைத்தாலும் பெரும்பாலும் ஓடுவது இந்த முன்யோசனையால்தான். இந்த நுட்பத்தை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு அதன் மேல் பெரிய மதிப்பு உண்டானது.

ஹோம்ப்ரூவின் வழி வேறு. முன்கூட்டியே கம்பைல் செய்து வைத்திருக்கும் பேக்கேஜ்களை அது பாட்டில் என்று அழைக்கிறது. அந்தப் பாட்டில்கள் மூன்று இடங்களை மனத்தில் வைத்துக் கட்டப்படுகின்றன: இன்டெல் சில்லுள்ள மேக் என்றால் /யூஎஸ்ஆர்/லோக்கல்; ஆப்பிள் சிலிக்கான் மேக் என்றால் /ஆப்ட்/ஹோம்ப்ரூ; லினக்ஸ் என்றால் /ஹோம் கோப்புறைக்குள் லினக்ஸ்ப்ரூ என்ற பயனரின் இடம். பாதையைத் தாங்கி நிற்காத சில பாட்டில்களை வேறு இடத்திலும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் பலவற்றை அப்படிச் செய்ய முடியாது. வேறொரு ப்ரிஃபிக்ஸில் ஹோம்ப்ரூவை வைத்திருந்தால் அவற்றை மூலநிரலிலிருந்து உங்கள் கணினியிலேயே கட்டத் தொடங்கிவிடும். என் ஹோம் கோப்புறையில் முதன்முதலாக நிறுவிய அன்று ஒரு சிறிய கருவியைக் கேட்டேன். அது தனக்குத் தேவையானவற்றைக் கேட்டது. அவை தமக்குத் தேவையானவற்றைக் கேட்டன. கடைசியில் சி கம்பைலரையே கட்ட வேண்டியதாயிற்று. மாலையில் தொடங்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்; மறுநாள் காலையில் வந்து பார்த்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த இடம் சரியில்லை என்பதை அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஹோம்ப்ரூ எப்படி இந்த மூன்று இடங்களுக்கு வந்து சேர்ந்தது என்பது தனிக் கதை. மேக்ஸ் ஹவல் 2009இல் அதைத் தொடங்கினார். அதற்கு முன்பே மேக்கில் வேறு இரண்டு பேக்கேஜ் மேனேஜர்கள் இருந்தன. ஃபிங்க் தனக்கென்று வேரிலேயே /எஸ்டபிள்யூ என்று ஒரு கோப்புறையை வைத்துக்கொண்டது. 2002இல் டார்வின்போர்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கிய மேக்போர்ட்ஸ் /ஆப்ட்/லோக்கல் என்ற இடத்தைப் பிடித்தது. இரண்டுமே பிறர் நடமாடாத இடமாகப் பார்த்து ஒதுங்கிக்கொண்டன. ஹோம்ப்ரூ மட்டும் ஊர் நடுவில் இருக்கும் /யூஎஸ்ஆர்/லோக்கலுக்கே போனது.

அதில் வசதி உண்டு. கட்டளைகளை எங்கெங்கே தேட வேண்டும் என்று சொல்லும் பாத் பட்டியலில் அந்த இடத்தின் நிரல் கோப்புறை ஏற்கெனவே இருப்பதால் டெர்மினலைத் திறந்தவுடன் கருவி கிடைக்கும். சி கம்பைலர் தலைப்புக் கோப்புகளையும் லைப்ரரிகளையும் தேடும்போது தானாகவே அங்கேயும் தேடும். ஆகவே ஒரு லைப்ரரியை நிறுவிவிட்டு உங்கள் சொந்த நிரலைக் கட்டினால், வேறு எதையும் சொல்லாமலேயே அது கிடைத்துவிடும். புதியவர்களுக்கு இது பேருதவி. ஹோம்ப்ரூ இவ்வளவு விரைவாகப் பரவியதற்கு இந்த வசதியும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஆனால் நீங்கள் கேட்காமலேயே கிடைப்பது, நீங்கள் விரும்பாத போதும் கிடைத்துவிடும். ஹோம்ப்ரூவுக்குத் தொடர்பில்லாத ஏதோ ஒரு மென்பொருளை நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும்போது, அதன் தேடல் /யூஎஸ்ஆர்/லோக்கலுக்குள் எட்டிப் பார்த்து, அங்கிருக்கும் வேறு பதிப்பு லைப்ரரியைப் பிடித்து இணைத்துக்கொண்டுவிடும். மேலும் /யூஎஸ்ஆர்/லோக்கல் என்பது மரபுப்படி நிர்வாகியின் இடம். 1994இல் வெளிவந்த லினக்ஸ் கோப்புறைத் தரநிலையிலிருந்து அதன் வழிவந்து 2015இல் வெளியான எஃப்எச்எஸ் 3.0 வரை, இயங்குதளத்தைப் புதுப்பிக்கும்போது அழிந்துபோகாத, அந்தக் கணினியின் நிர்வாகி தாமாக நிறுவுபவற்றுக்கான இடம் என்றே அது வரையறுக்கப்பட்டிருக்கிறது. பிற மென்பொருள்களின் நிறுவிகளும் மேக்கில் அங்கேதான் கோப்புகளைக் கொண்டுவந்து போடும். ஒரே இடத்தில் பலர் கை வைத்தால் எந்தக் கோப்பு யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

உரிமை பற்றிய கேள்வி இதைவிடக் கனமானது. ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்காமல் நிறுவ வேண்டும் என்பதற்காக, தொடக்ககால ஹோம்ப்ரூ /யூஎஸ்ஆர்/லோக்கலையே சாதாரணப் பயனரின் பெயருக்கு மாற்றிக்கொடுத்தது. மேக்கின் பாத் வரிசையில் அந்த இடம் கணினியின் சொந்த நிரல்களுக்கு முன்னே நிற்கும். ரூட்டாக இயங்கும் ஒரு ஸ்கிரிப்ட் முழுப் பாதையைச் சொல்லாமல் ஒரு கட்டளையை அழைத்தால், பயனரின் பெயரில் இயங்கும் எந்த நிரலும் அங்கே வைத்துவிட்டுப் போன போலிக் கட்டளை அதன் கையில் சிக்கலாம். 2015இல் மேக் இயங்குதளத்தின் எல் கேப்டன் பதிப்போடு ஆப்பிள் கொண்டுவந்த பாதுகாப்பு ஏற்பாடு /யூஎஸ்ஆர் கோப்புறையைப் பூட்டியது; /யூஎஸ்ஆர்/லோக்கலுக்கு மட்டும் விலக்கு அளித்தது. 2016இல் வந்த ஹோம்ப்ரூ 1.0 தன் மூலக் களஞ்சியத்தை ஓர் உட்கோப்புறைக்குள் நகர்த்திக்கொண்டு, /யூஎஸ்ஆர்/லோக்கல் முழுவதற்கும் உரிமையாளராக இருக்க வேண்டிய தேவையை ஒழித்தது. நல்ல திருத்தம்தான், ஆனால் இருப்பிடம் என்னவோ பழையதுதான்.

உண்மையான மாற்றத்துக்கு ஒரு புதிய சில்லு வர வேண்டியிருந்தது. ஆப்பிள் 2020 நவம்பரில் எம்1 மேக்குகளை வெளியிட்டது. இன்டெல்லுக்காகக் கட்டிய பழைய நிரல்களையும் ரொசெட்டா 2 என்ற மொழிமாற்றி மென்பொருள் வழியாக அவற்றில் இயக்கலாம். ஆகவே ஒரே கணினியில் இரண்டு வகை பைனரிகளும் வாழ வேண்டிய நிலை உண்டானது. இரண்டையும் ஒரே ப்ரிஃபிக்ஸில் கலந்தால், ஒரு வகை நிரல் மற்றொரு வகை லைப்ரரியைத் தேடிப்போய் முட்டி நிற்கும். பழைய இடத்தை இன்டெல்லுக்கு விட்டுவிட்டு, புதிய சில்லுக்கு /ஆப்ட்/ஹோம்ப்ரூ என்ற தனி இடத்தை ஹோம்ப்ரூ எடுத்துக்கொண்டது. 2021 பிப்ரவரியில் வந்த 3.0 பதிப்பு அதை முறைப்படி ஆதரித்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. /ஆப்ட்/ஹோம்ப்ரூ பாத் பட்டியலில் தானாக இருப்பதில்லை. நிறுவி முடித்ததும் டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் ஒரு வரியை நாம் சேர்க்க வேண்டும். கம்பைலரும் அங்கே தானாகத் தேடாது. நிறுவிய பிறகும் ‘கட்டளை கிடைக்கவில்லை’ என்று வருகிறதே எனக் கேட்பவர்களில் மிகப் பலர் அந்த ஒரு வரியைச் சேர்க்காதவர்கள். அந்தச் சிறு தொந்தரவுக்கு ஈடாக, தனக்கென்று வேலியிட்ட மனை கிடைத்திருக்கிறது. அழிக்க வேண்டுமானால் அந்த ஒரு கோப்புறையை நீக்கினாலே ஏறக்குறைய வேலை முடிந்துவிடும். இது கொடுக்கத் தகுந்த விலை என்றே நான் கருதுகிறேன்.

பழைய இன்டெல் மேக்கிலிருந்து புதிய மேக்குக்கு எல்லாவற்றையும் அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய ஹோம்ப்ரூவும் /யூஎஸ்ஆர்/லோக்கலில் கூடவே வந்திருக்கும். ரொசெட்டாவின் உதவியால் இயங்கவும் செய்யும். அதனால் பலருக்கு அது தெரிவதே இல்லை. ப்ரூ கட்டளையிடம் அதன் ப்ரிஃபிக்ஸ் என்ன என்று கேளுங்கள். /யூஎஸ்ஆர்/லோக்கல் என்று பதில் வந்தால், நீங்கள் இன்னமும் இன்டெல் பைனரிகளைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கோப்புறையைப் பெயர் மாற்றி /ஆப்ட்டுக்கு நகர்த்தி எந்தப் பயனும் இல்லை. நிறுவியிருக்கும் பேக்கேஜ்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, புதிய இடத்தில் புதிதாக நிறுவி, அந்தப் பட்டியலை அங்கே மீண்டும் இறக்குவதே வழி.

நிக்ஸ் என்ற மற்றொரு பேக்கேஜ் மேனேஜர் இதே கேள்வியை முற்றிலும் வேறு கோணத்தில் அணுகியது. ஏல்கோ டோல்ஸ்ட்ரா 2003இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் எல்லாமே /நிக்ஸ் என்ற கோப்புறையின் கீழ்தான். ஒவ்வொரு பேக்கேஜின் பாதையிலும் அது எவற்றைக் கொண்டு கட்டப்பட்டது என்பதைக் குறிக்கும் ஒரு நீண்ட ஹாஷ், அதாவது கணக்கிட்டுப் பெற்ற அடையாளக் குறியீடு, இருக்கும். உலகத்தில் எல்லாக் கணினிகளிலும் பாதை ஒன்றே என்பதால், ஓரிடத்தில் கட்டிய பைனரியை வேறிடத்தில் அப்படியே பயன்படுத்தலாம். 2019இல் கேடலினா பதிப்பு மேக்கின் வேர்ப் பகுதியை மாற்ற முடியாதபடி பூட்டியபோது, வேரில் புதிதாக ஒரு கோப்புறையை உருவாக்கவே வழியில்லாமல் போயிற்று. நிக்ஸ் தன் பாதையை மாற்றிக்கொள்ளவில்லை. வட்டில் தனியாக ஒரு பகுதியை (வால்யூமை) உருவாக்கி அதை /நிக்ஸ் என்ற பெயரில் ஏற்றுகிறது. ஃபிங்க் தன் பழைய இடத்தை விட்டு /ஆப்ட்டுக்குள் போனது. பாதையை மாற்றினால் கட்டி வைத்த பைனரிகள் அத்தனையும் வீணாகிவிடும் நிலையில், நிக்ஸ் தன் இடத்தைக் காப்பதற்கு அவ்வளவு பாடுபட்டது எனக்கு முழுக்க நியாயமாகவே படுகிறது.

எங்கள் சர்வருக்குத் திரும்புகிறேன். லினக்ஸில் ஹோம்ப்ரூவின் இயல்பான இடம் ஏன் /ஹோம் கோப்புறைக்குள், அதுவும் இல்லாத ஒரு பயனரின் பெயரில் இருக்கிறது என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. அதன் ஆவணத்தைப் பொறுமையாகப் படித்தபோதுதான் அது எங்களைப் போன்றவர்களுக்காகவே செய்யப்பட்டது என்று தெரிந்தது. ரூட் அனுமதி இல்லாதவர்கள் நிர்வாகியிடம் ஒரே ஒரு உதவியைக் கேட்டால் போதும்: லினக்ஸ்ப்ரூ என்ற பெயரில் ஒரு பொதுக் கணக்கு. அந்தக் கணக்கு வந்துவிட்டால் இடம் இயல்பான இடமாகிவிடுகிறது. பாட்டில்கள் அப்படியே இறங்குகின்றன. எதையும் கட்ட வேண்டியதில்லை. நான் ஓர் இரவு முழுக்க ஓடவிட்ட கம்பைலை இரண்டு வரி மின்னஞ்சல் தவிர்த்திருக்கும்.

நிர்வாகி மறுத்துவிட்டால், அல்லது கேட்கவே முடியாத கல்லூரி ஆய்வகக் கணினி என்றால், ஹோம் கோப்புறையைத் தவிர வேறு வழியில்லை என்பது உண்மைதான். அப்போதும் ஹோம்ப்ரூவையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். எங்கு வைத்தாலும் ஓடும்படி வடிவமைக்கப்பட்ட கோண்டா போன்றவற்றை எடுத்துக்கொள்வது நல்லது என்று என் குழுவினருக்குச் சொல்லியிருக்கிறேன். பாதை குறுகியதாகவும், இடைவெளியோ ஆங்கிலமல்லாத எழுத்தோ இல்லாததாகவும் இருக்கட்டும். நம் எழுத்தில் கோப்புறைக்குப் பெயர் வைப்பது எனக்குப் பிடித்தமான செயல்தான். ஆனால் பழைய கட்டுமான ஸ்கிரிப்டுகள் பல அந்தப் பாதைகளில் தடுக்கி விழுவதை நேரில் பார்த்திருக்கிறேன். தற்காலிகக் கோப்புறைக்குள் நிறுவக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். அதையும் ஒருவர் செய்து, கணினியை மறுதொடக்கம் செய்த பிறகு என்னிடம் வந்ததால் சொல்கிறேன்.

பொதுக் கணக்கு வந்த பிறகும் எங்களுக்கு ஒரு கேள்வி எஞ்சியது. ஹோம்ப்ரூ ஒரே பயனர் எழுதுவதற்கென வடிவமைக்கப்பட்டது. நான்கு பேரும் அவரவர் பெயரில் அதற்குள் எழுதத் தொடங்கினால், ஒருவர் போட்ட கோப்பை மற்றவர் புதுப்பிக்க முடியாமல் அனுமதிச் சிக்கல் முளைக்கும். குழு அனுமதியைத் தளர்த்தி ஓட்டுபவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆகவே நிறுவுவதும் புதுப்பிப்பதும் லினக்ஸ்ப்ரூ கணக்கிலிருந்து மட்டும், மற்றவர்கள் அங்கிருந்து இயக்குவது மட்டும் என்று வைத்துக்கொண்டோம். வாரம் ஒருவர் அந்தக் கணக்கின் பொறுப்பை எடுத்துக்கொள்கிறார். எதைப் புதிதாக நிறுவினோம் என்பதை ஒரு பட்டியல் கோப்பில் குறித்து, அதையும் எங்கள் நிரல் களஞ்சியத்திலேயே வைத்திருக்கிறோம். நாளை சர்வரே மாறினாலும் அந்தப் பட்டியலைக் கொண்டு அதே இடத்தில் எல்லாவற்றையும் மறுபடி இறக்கிவிடலாம்.

முதல் வாரப் பொறுப்பு, அன்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்த அந்தப் பெண்ணிடம் போனது. நின்றுபோன கருவிகள் அனைத்தையும் அவர் பட்டியலிட்டு ஒரே கட்டளையில் இறக்கினார். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. பிறகு நான் சொல்லாமலேயே ரீட்எல்ஃபை எடுத்து, முதல் கருவிக்குள் பதிந்திருக்கும் லோடரின் பாதையைப் பார்த்தார். “அக்கா, இதில் உங்கள் பெயர் இல்லை” என்றார்.